விழிப்புணர்வு முதற்படியே

அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஒருவர் குப்பைப் பையைக் குப்பைக் குழாயில் போட்டு, அதன் மூடியைச் சாத்துகிறார். பை கீழே விழும் ஓசை கேட்கிறது. அத்துடன் அந்தக் குப்பை அவருடைய கண்ணைவிட்டும் எண்ணத்தைவிட்டும் மறைந்துவிடுகிறது. உண்மையில், அதன் நெடும்பயணம் அப்போதுதான் தொடங்குகிறது.

குப்பை லாரி அதனை எரியாலைக்குக் கொண்டு செல்கிறது. அங்கு எரிக்கப்படும்போது குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது. அந்த வெப்பத்தைக் கொண்டு மின்சாரமும் உற்பத்தி செய்யப்படுகிறது. ஆயினும், சாம்பல் மிஞ்சுகிறது. அந்தச் சாம்பலும் எரிக்க இயலாத கழிவுகளும் துவாஸிலிருந்து பெரிய மிதவைகளில் ஏற்றப்பட்டு, சிங்கப்பூரின் முதன்மைத் தீவிற்குத் தெற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் செமக்காவைச் சென்றடைகின்றன.

செமக்காவ் நிரப்புநிலம் 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் செயல்படத் தொடங்கியது. செமக்காவ், சாக்கெங் ஆகிய இரு தீவுகளை இணைத்து, கடலில் 7 கிலோமீட்டர் நீளத்திற்குக் கற்கரை எழுப்பி இந்த இடம் உருவாக்கப்பட்டது. இதன் பரப்பளவு 350 ஹெக்டர். லோரோங் ஹாலுஸ் குப்பைக் கிடங்கு மூடப்பட்ட பிறகு, சிங்கப்பூருக்கு எஞ்சியிருக்கும் ஒரே நிரப்புநிலம் இதுதான். 2045ஆம் ஆண்டுவரை இது தாங்கும் என்று முதலில் கணக்கிடப்பட்டது. ஆனால், குப்பை சேரும் வேகத்தைப் பார்த்தால் 2035ஆம் ஆண்டிலேயே இது நிரம்பிவிடக்கூடும்.

இன்று உயர்நிலைப்பள்ளியில் பயிலும் மாணவர்கள் அப்போது இளையர்களாக இருப்பார்கள். செமக்காவ் நிரம்பினால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய தலைமுறை அவர்களுடையது. சுற்றுப்புறக் கல்விக்குப் பள்ளிகள் இவ்வளவு முக்கியத்துவம் அளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், பள்ளியில் நடைபெறும் நிகழ்ச்சிகள் ஒரு மாணவரை உண்மையிலேயே மாற்றுகின்றனவா? எத்தகைய நிகழ்ச்சிகள் மாற்றுகின்றன? எவை பெயரளவில் நின்றுவிடுகின்றன?

ஐந்து படிகள்

இக்கேள்விகளை உலக நாடுகள் நெடுங்காலத்திற்கு முன்பே எழுப்பியுள்ளன. 1977ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அன்றைய சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில், சுற்றுப்புறக் கல்வி குறித்து அரசாங்கங்களுக்கிடையிலான முதல் உலக மாநாடு நடைபெற்றது. யுனெஸ்கோவும் ஐக்கிய நாட்டுச் சுற்றுப்புறத் திட்ட அமைப்பும் இணைந்து அதனை நடத்தின.

சுற்றுப்புறக் கல்வியின் நோக்கங்களை அம்மாநாடு ஐந்தாகப் பிரித்தது. அவை விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு ஆகியவை. ஒரு சிக்கல் இருப்பதை உணர்வது விழிப்புணர்வு. அது ஏன், எப்படி ஏற்படுகிறது என்று புரிந்துகொள்வது அறிவு. அதில் தனக்கும் பொறுப்பு உண்டு என்று எண்ணுவது மனப்பாங்கு. அதைத் தீர்க்கும் வழியைக் கண்டறியத் தெரிவது திறன். மற்றவர்களோடு சேர்ந்து செயலில் இறங்குவது பங்கேற்பு.

இந்த வரிசையில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. பலரும் இறுதி இலக்காகக் கருதும் விழிப்புணர்வு, இங்கே முதற்படியாகவே வைக்கப்பட்டுள்ளது. நெகிழிப் பை கடலுக்குக் கேடு என்பது இன்று தொடக்கப்பள்ளி மாணவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கடைக்காரர் பையை நீட்டும்போது கை தானாகவே அதை வாங்கிக்கொள்கிறது. தெரிந்துகொள்வதற்கும் செய்வதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைக் குறைப்பதே பள்ளித் திட்டங்களின் உண்மையான சோதனை.

இயக்கங்களிலிருந்து அன்றாடப் பழக்கத்திற்கு

சிங்கப்பூரில் இம்முயற்சி புதியதன்று. 1968ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ, சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம் என்னும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 1971ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் முதல் மரம் நடும் நாள் கடைப்பிடிக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டில், 'உங்கள் கைகளைப் பயன்படுத்துங்கள்' என்ற பொருள்படும் இயக்கத்தின்கீழ் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து பள்ளிகளைத் தூய்மை செய்தனர். 1990ஆம் ஆண்டில் தூய்மை, பசுமை வாரம் அறிமுகமானது.

இந்த இயக்கங்கள் நாட்டின் தோற்றத்தையே மாற்ற உதவின. ஆயினும், ஒரு நாளோ ஒரு வாரமோ நடக்கும் நிகழ்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த நாள் முடிந்ததும் துடைப்பம் மீண்டும் துப்புரவாளரின் கைக்குப் போய்விடுகிறது. 'சிங்கப்பூர் தூய்மையான நாடா, தூய்மைப்படுத்தப்படும் நாடா?' என்ற கேள்வி அவ்வப்போது எழுவதற்கு இதுவே காரணம்.

இதற்கு மாற்றாக வந்தது அன்றாடத் துப்புரவுப் பழக்கம். 2017ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற்குள் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் நாள்தோறும் துப்புரவுப் பணியில் ஈடுபட வேண்டும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. ஜப்பானியப் பள்ளிகளில் இவ்வழக்கம் நீண்ட காலமாகவே இருந்து வருகிறது. வகுப்பறையைக் கூட்டுதல், கரும்பலகையைத் துடைத்தல், நடைபாதையிலும் சிற்றுண்டிச்சாலையிலும் கிடக்கும் குப்பையை அகற்றுதல் போன்ற பணிகளை மாணவர்கள் முறைவைத்துச் செய்கிறார்கள். கழிவறையைத் தூய்மை செய்யும் பொறுப்பு மட்டும் அவர்களுக்கு அளிக்கப்படவில்லை.

நாள்தோறும் சில நிமிடங்களே செய்யும் இப்பணி எளிதாகத் தோன்றலாம். ஆனால், இதன் பயன் தரையின் பளபளப்போடு முடிவதில்லை. தன் மேசைக்கடியில் கிடக்கும் மிட்டாய்த் தாளைத் தானே குனிந்து எடுக்கும் மாணவருக்கு, அடுத்த முறை அதைக் கீழே போட மனம் வருவதில்லை. நாள் முழுவதும் இதே வேலையைச் செய்யும் துப்புரவாளரின் உழைப்பும் அவருக்குப் புரியத் தொடங்குகிறது. மனப்பாங்கு என்னும் மூன்றாம் படியில் அவர் கால் வைப்பது இப்படித்தான்.

நான்கு முனைகளில் ஒரே முயற்சி

2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டம் 2030 அறிவிக்கப்பட்டது. அதனை வழிநடத்தும் ஐந்து அமைச்சுகளுள் கல்வி அமைச்சும் ஒன்று. அதற்கடுத்த மாதமே, பள்ளிகளுக்கான சுற்றுப்புறப் பொறுப்புணர்வுத் திட்டத்தைக் கல்வி அமைச்சு வெளியிட்டது. இத்திட்டம் பாடத்திட்டம், பள்ளி வளாகம், பள்ளிப் பண்பாடு, சமூகம் ஆகிய நான்கு முனைகளை ஒன்றிணைக்கிறது.

இவற்றை ஏன் இணைக்க வேண்டும்? புவியியல் பாடத்தில் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் படித்த மாணவர், ஆளில்லாத வகுப்பறையில் மின்விசிறிகள் சுழல்வதைக் கண்டால், படித்தது வேறு, நடப்பது வேறு என்ற முடிவுக்கே வருவார். மாறாக, கூரையில் உள்ள சூரியசக்தித் தகடுகள் அன்று எவ்வளவு மின்சாரம் உற்பத்தி செய்தன என்பதை அவரே படித்துக் குறித்து, பள்ளியின் மின்கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பாடம் கண்முன் உயிர்பெறும். அப்போது பள்ளிக் கட்டடமே ஒரு பாடநூலாகிவிடுகிறது.

இத்திட்டத்திற்குத் தெளிவான இலக்குகளும் உண்டு. பள்ளிகளின் நிகரக் கரிம வெளியேற்றத்தை 2030ஆம் ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கு குறைக்க வேண்டும். அதே ஆண்டுக்குள் குறைந்தது 20 விழுக்காட்டுப் பள்ளிகள் நிகரக் கரிம வெளியேற்றமே இல்லாதவையாக மாற வேண்டும். இலக்குகளை எட்டப் புதிய கருவிகள் உதவும். ஆனால், விளக்கையும் குளிரூட்டியையும் நிறுத்தும் கை மனிதருடையது.

மிஞ்சிய உணவை எடைபோடுதல்

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் உருவான உணவுக் கழிவு ஏறத்தாழ 7 லட்சத்து 55 ஆயிரம் டன். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட மறுசுழற்சி செய்யப்படவில்லை. இந்த எண்ணைக் கேட்கும் மாணவர் வியக்கலாம். ஆனால், அதனுடன் தமக்குள்ள தொடர்பு அவருக்குப் புலப்படாது. அந்தத் தொடர்பைக் காட்டுவதற்குப் பள்ளிகள் கையாளும் ஓர் எளிய வழி, சிற்றுண்டிச்சாலையில் மிஞ்சும் உணவை எடைபோடுவதாகும்.

இதனைச் செய்யும் முறை பின்வருமாறு அமையலாம். முதலில், தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடத்தில் மூன்று வாளிகள் வைக்கப்படுகின்றன. சோறும் மீயும் ஒன்றில், காய்கறிகள் மற்றொன்றில், எலும்பும் தோலும் மூன்றாவதில் சேர்க்கப்படுகின்றன. இடைவேளை முடிந்ததும் மாணவர் குழு ஒவ்வொரு வாளியையும் எடைபோட்டு அட்டவணையில் குறிக்கிறது. ஒரு நாள் கணக்கு போதாது. அன்று என்ன உணவு விற்றது, எத்தனை பேர் வந்தனர் என்பதற்கேற்ப எடை மாறுபடும் என்பதால், ஒரு வாரமாவது இதைத் தொடர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1,000 மாணவர்கள் உள்ள பள்ளியில் ஒவ்வொருவரும் நாள்தோறும் 40 கிராம் உணவை மிச்சம் வைப்பதாகக் கொள்வோம். 40 கிராம் என்பது இரண்டு, மூன்று வாய்ச் சோறுதான். ஆனால், பள்ளி முழுவதற்கும் ஒரு நாளைக்கு 40 கிலோகிராம் ஆகிவிடும். ஓர் ஆண்டில் 200 பள்ளி நாள்கள் என்றால், மொத்தம் 8,000 கிலோகிராம், அதாவது 8 டன். 'என் தட்டில் இருப்பது கொஞ்சம்தானே' என்ற எண்ணத்தை இக்கணக்கு அசைத்துவிடும்.

அடுத்து வருவதுதான் முக்கியமான கட்டம். உணவு ஏன் மிஞ்சுகிறது என்று மாணவர்கள் விசாரிக்கிறார்கள். சிலருக்குத் தட்டில் வைக்கப்படும் சோறு அதிகம். சிலருக்கு வரிசையில் நிற்பதிலேயே இடைவேளை கழிந்துவிடுகிறது. சிலர் காய்கறியைத் தொடுவதே இல்லை. காரணம் மாறும்போது தீர்வும் மாறுகிறது. சோறு அதிகம் என்றால், கடைக்காரரிடம் "ஆண்ட்டி, சோறு கொஞ்சம் போதும்" என்று முன்கூட்டியே சொல்லும் பழக்கத்தை வளர்க்கலாம். நேரம் போதவில்லை என்றால், வகுப்புகளுக்கான இடைவேளை நேரத்தை மாற்றியமைக்குமாறு பள்ளியைக் கேட்டுக்கொள்ளலாம். உண்ண முடியாத கழிவை உரமாக்கித் தோட்டத்தில் இடலாம்.

சில வாரங்கள் கழித்து மீண்டும் எடைபோட்டால், எந்தத் தீர்வு பலன் தந்தது, எது தரவில்லை என்பது தெரிந்துவிடும். எடை குறையாவிட்டாலும் அது தோல்வியன்று. காரணத்தைத் தவறாகக் கணித்துவிட்டோம் என்று கண்டறிவதும் கற்றலின் ஒரு பகுதியே. சிக்கலை அளப்பது, காரணம் தேடுவது, தீர்வைச் சோதிப்பது ஆகிய மூன்றும் திறன் என்னும் நான்காம் படிக்கு உரியவை.

பள்ளி மதிலுக்கு அப்பால்

சில பாடங்களை வகுப்பறைக்குள் நடத்த இயலாது. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் அத்தகைய பாடங்களுக்கு ஏற்ற இடம். 1993ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட இவ்விடம், 2002ஆம் ஆண்டில் இயற்கை வனக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியா போன்ற தொலைதூரக் குளிர்நிலங்களிலிருந்து புறப்படும் கரைப்பறவைகள் இங்கு இறங்கி இரை தேடுகின்றன.

நீர் வற்றிய நேரத்தில் அங்குள்ள சேற்றைப் பார்க்கும் மாணவருக்கு முதலில் அது வெறும் சேறாகவே தெரியும். சற்றுப் பொறுமையாக நின்று பார்த்தால், நண்டுகளும் சேற்றுமீன்களும் அசைவது தெரியும். கண்டல் மரங்களின் வேர்கள் சேற்றைப் பற்றிப் பிடித்திருப்பதையும், அந்தச் சேற்றில் வாழும் சிற்றுயிர்களைப் பறவைகள் கொத்தித் தின்பதையும் காணலாம். இந்தச் சேறு மறைந்தால், பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்துவரும் பறவைக்கு இரை தேட ஓர் இடம் குறைந்துவிடும் என்பதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது.

தண்ணீர்ப் பங்கீட்டுப் பயிற்சியும் இவ்வகையைச் சேர்ந்ததே. மார்ச் 22ஆம் நாள் வரும் உலகத் தண்ணீர் நாளையொட்டி, சில பள்ளிகளில் குழாய்கள் சிறிது நேரம் மூடப்படுகின்றன. மாணவர்கள் வரிசையில் நின்று வாளியில் தண்ணீர் பிடித்துச் சென்று பயன்படுத்துகிறார்கள். இது வெறும் விளையாட்டன்று. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கி ஏறத்தாழ பத்து மாதங்களுக்குச் சிங்கப்பூரில் தண்ணீர் உண்மையிலேயே பங்கிட்டு வழங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் வீடுகளில் ஒருவர் நாள்தோறும் சராசரியாக 141 லிட்டர் தண்ணீரைப் பயன்படுத்தினார். அதனை 2030ஆம் ஆண்டுக்குள் 130 லிட்டராகக் குறைப்பது இலக்கு. கை வலிக்க ஒரு வாளியைச் சுமந்தவருக்கு, அந்த 11 லிட்டர் வேறுபாட்டின் எடை தெரியும்.

வீட்டிற்குச் செல்லும் பாடம்

பள்ளியில் கற்றது மாணவரோடு வீட்டிற்கும் செல்கிறது. அமெரிக்காவின் வட கேரலைனா மாநிலத்தில் நடத்தப்பட்டு, 2019ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனை உறுதிப்படுத்துகிறது. 10 முதல் 14 வயதுடைய மாணவர்கள் பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கற்றதோடு, தம் பெற்றோரைப் பேட்டியும் கண்டனர். அப்பாடத்தைக் கற்ற பிள்ளைகளின் பெற்றோரிடம் பருவநிலை குறித்த அக்கறை கூடியிருந்தது. முன்பு அதில் அதிகம் அக்கறை காட்டாத பெற்றோரிடமும் மாற்றம் தெரிந்தது.

அப்பெற்றோரின் மன மாற்றத்தில் பேட்டியில் எழுந்த உரையாடலுக்கும் பங்கு இருந்திருக்கலாம். "நீங்கள் சிறுவயதில் இருந்தபோது மழை எப்படிப் பெய்யும்?" என்று பிள்ளை கேட்கும்போது, பெற்றோர் தம் அனுபவத்தை எண்ணிப் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் தாத்தா பாட்டியிடம் கம்பத்து வாழ்க்கையைப் பற்றிக் கேட்டாலும் இது நிகழும். வாழையிலையில் கட்டிய உணவு, பழைய செய்தித்தாளில் மடித்த கச்சான், கடைக்குக் கையோடு கொண்டுபோன கூடை என்று அவர்கள் சொல்லும் நினைவுகளில், குறைவான கழிவோடு வாழ்ந்த ஒரு முறை அடங்கியிருக்கிறது.

வீட்டில் திருத்த வேண்டிய பழக்கங்களும் இல்லாமலில்லை. 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 12 விழுக்காடு மட்டுமே. நீல நிற மறுசுழற்சித் தொட்டிகளில் போடப்படுவனவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்குப் பயன்படாமல் போகின்றன. குழம்பு ஒட்டிய பெட்டி ஒன்று போதும், அதனருகில் உள்ள நல்ல தாள்களையும் பாழாக்கிவிடும். பெட்டியைக் கழுவிப் போட வேண்டும் என்பதை வீட்டில் முதலில் சொல்பவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பிள்ளையாகவே இருக்கிறார்.

எங்கே சறுக்குகிறது?

எல்லா முயற்சிகளும் வெற்றி பெறுவதில்லை. பூமி நாளுக்காக வண்ணத் தாள்களையும் நுரைப்பலகைகளையும் வாங்கிக் கண்காட்சி அமைத்து, மறுநாளே அவற்றைக் குப்பையில் போடுவது முரணானது. மரக்கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டபின் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று முடிவு செய்யாவிட்டால், படம் மட்டுமே மிஞ்சும். மாணவர்கள் சுலோகம் எழுதுகிறார்கள். ஆனால், பள்ளியின் எந்த முடிவிலும் அவர்களுடைய கருத்து கேட்கப்படுவதில்லை என்றால், அங்கே பங்கேற்பு இல்லை.

இன்னொரு சவால், பள்ளி வாசலைத் தாண்டியதும் பழக்கம் கைநழுவுவது. சிற்றுண்டிச்சாலையில் தட்டைத் திருப்பி வைப்பது சிங்கப்பூர் மாணவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே பழகிய செயல். ஆனாலும், உணவங்காடி நிலையங்களில் தட்டுகளை எடுத்து வைக்கப் பெரியவர்களுக்கு 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் முதல் சட்ட நடவடிக்கை தேவைப்பட்டது. பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் 2023ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் முதல் நடப்புக்கு வந்தது. பள்ளியில் கற்ற பழக்கம் சமூகத்தில் நிலைக்க வேண்டுமானால், அங்கும் அதற்கேற்ற ஏற்பாடுகள் தேவை என்பதையே இவை உணர்த்துகின்றன. பொறுப்பைப் பிள்ளைகளின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் விலகி நிற்க முடியாது.

ஆகவே, ஒரு பள்ளித் திட்டத்தின் தரத்தை அதில் எத்தனை மாணவர்கள் கலந்துகொண்டார்கள் என்பதைக் கொண்டு அளக்க இயலாது. நிகழ்ச்சி முடிந்து ஓராண்டு கழித்தும் கன்றுக்கு யாரேனும் தண்ணீர் ஊற்றுகிறார்களா, எடை அட்டவணை இன்னும் நிரப்பப்படுகிறதா, மாணவர்களின் பரிந்துரையால் பள்ளியின் நடைமுறை எதுவும் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு நிரப்புநிலத்திற்குச் செல்லும் கழிவை 2030ஆம் ஆண்டுக்குள் 30 விழுக்காடு குறைக்கச் சிங்கப்பூர் இலக்கு கொண்டுள்ளது. அந்த இலக்கு எட்டப்படுமா என்பது எரியாலைகளைவிட, வீட்டுச் சமையலறைகளிலும் கடைகளிலும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளிலும் நாள்தோறும் எடுக்கப்படும் சிறு முடிவுகளைப் பொறுத்தே அமையும். அந்த முடிவுகளைத் தெரிந்து, விரும்பி, பிறரோடு சேர்ந்து எடுக்கக் கற்றுக்கொடுப்பதே சுற்றுப்புறக் கல்வியின் ஐந்தாம் படி.